தையல் யூனிட்டுக்கு இடம்: மாசி வீதியா, வில்லாபுரமா, கப்பலூரா?

மதுரை திருநகரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஐந்து மெஷின் போட்டு நைட்டி தைத்து மொத்தக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு இரண்டாவது மாடியும், வில்லாபுரத்தில் ஒரு தரைத்தளமும் வாடகைக்குக் கிடைக்கின்றன. வீட்டிலோ கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷெட் பார்க்கச் சொல்கிறார்கள். எது சரி?"

சகோதரி, வில்லாபுரத்துத் தரைத்தளத்தையே எடுங்கள். மாசி வீதி முகவரி, வாடிக்கையாளர் நேரில் வந்து வாங்கும் கடைக்குத்தான் பலன் தரும். விளக்குத்தூண் பக்கத்து மொத்தக் கடை வியாபாரி உங்கள் மாடிப்படி ஏறி வரப்போவதில்லை. உங்கள் சரக்குதான் அவரைத் தேடிப் போகப்போகிறது. அந்த நெருக்கடியில் குட்டியானையை நிறுத்தித் துணிப் பண்டலை இரண்டு மாடி ஏற்றுவதும், தைத்ததை மறுபடி இறக்குவதும் தினமும் கூலியாகக் கரையும். கப்பலூர் நல்ல இடம்தான். ஆனால் ஐந்து மெஷினுக்கு அது இப்போது தேவையில்லை. தையல் தெரிந்த பெண்கள் நடந்தே வந்துபோகும் தூரத்தில் யூனிட் இருந்தால், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நேரத்துக்கு வேலைக்கு வந்துவிடுவார்கள். இந்தத் தொழிலில் ஆள் நிலைப்பதைவிடப் பெரிய முதல் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

வாடகை பேசுவதற்கு முன்பு மின் மீட்டரைப் பாருங்கள். அது வீட்டு இணைப்பாக இருந்து, அதிலேயே நீங்கள் யூனிட்டை ஓட்டினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிட்டு வசூலிப்பார்கள். கடைக்கு ஒரு கட்டணம், சிறுதொழிலுக்கு வேறு கட்டணம் என்பதால், உங்களுக்கு எது பொருந்தும் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். லோடு கணக்குப் போடும்போது தையல் மெஷின்களை மட்டும் எண்ணாதீர்கள்; சர்வோ மோட்டார் மெஷினைவிட அயர்ன் பாக்ஸ்தான் அதிகம் இழுக்கும். அதற்குத் தனி வயரிங் போடச் சொல்லுங்கள்.

உள்ளே முதலில் இடம் ஒதுக்க வேண்டியது கட்டிங் டேபிளுக்கு. பலர் மெஷின்களை வரிசையாகப் போட்டுவிட்டு, மிச்சமுள்ள மூலையில் டேபிளைச் சுவரோடு ஒட்டிவிடுகிறார்கள். பிறகு துணியை விரித்து அடுக்கும்போது மறுபக்கச் சுருக்கத்தை இழுத்துவிட ஆள் நிற்க முடியாமல், அடியிலுள்ள துணி கோணி, ஒரு அடுக்கு முழுவதும் அளவு மாறிப்போகிறது. நான்கு பக்கமும் நடக்க வழிவிட்டு, ஏறத்தாழ 3 அடி உயரத்தில் டேபிளைப் போடுங்கள். வெட்டிய துணி அங்கிருந்து தையல், ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைப்பது), பிசிறு வெட்டுதல், அயர்ன், பேக்கிங் என்று ஒரே திசையில் வாசலை நோக்கி நகர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஈரம் ஏறாதபடி பண்டல்களைப் பலகை மேல் அடுக்குங்கள். பெண்கள் வேலை செய்யும் இடத்தில் கழிவறை இல்லையென்றால் அந்தக் கட்டடமே வேண்டாம்.

பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் குறைத்துப் பேசுங்கள். மொத்தக் கடைகளில் பணம் தவணையில்தான் வரும். அதுவரை துணிக்கும் கூலிக்கும் கையில் ரொக்கம் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். தையல் தொழிலுக்காக எடுக்கிறீர்கள் என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். மின் இணைப்பு வகையை மாற்றவும் ஜிஎஸ்டி பதிவு செய்யவும் உரிமையாளரின் சம்மதக் கடிதம் தேவைப்படும். அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே அதையும் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள்.