குளிர்ந்த பல்பின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். உங்களில் யாராவது வீட்டில் இன்னும் குண்டு பல்பு வைத்திருக்கிறீர்களா? கோழிக்குஞ்சுப் பெட்டியில் ஒன்று தொங்கலாம். எனக்குச் சோறு போட்டதே அந்தப் பல்புதான். தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பையன்களுக்கு முப்பது வருஷம் பாடம் எடுத்தவன் நான். ஒவ்வொரு வருஷமும் முதல் வாரத்தில் ஒரே கேள்விதான் கேட்பேன்: 40 வாட் பல்பு, 100 வாட் பல்பு இரண்டில் எதற்கு மின்தடை அதிகம்?

"நூறுக்கு சார்" என்று வகுப்பே கத்தும். பெரிய எண், அதனால் பெரிய தடை என்ற நினைப்பு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேனா வேண்டாம், காது போதும். மாடியில் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அது வோல்ட். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ, அது ஆம்பியர். குழாய் எவ்வளவு குறுகலோ, அது தடை. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, ஓம் கணக்கில். இரண்டையும் பெருக்கினால் திறன், வாட் கணக்கில். வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 100 வாட் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் கொஞ்சம் குறைவு. வகுத்தால் ஏறக்குறைய 530 ஓம். 40 வாட் பல்பு அதில் பாதிகூட இழுக்காது. அதன் தடை 1300 ஓமுக்கு மேல். குழாய் அகலமாக இருந்தால்தானே தண்ணீர் கொட்டும்? அதே கதைதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொல்லி முடித்ததும், கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மல்டிமீட்டரோடு எழுந்தான். 100 வாட் பல்பைக் கையில் வைத்து அளந்திருக்கிறான். மீட்டர் காட்டியது வெறும் 40 ஓம். "சார், 230ஐ 40ஆல் வகுத்தால் ஐந்தே முக்கால் ஆம்பியர். அதை 230ஆல் பெருக்கினால் 1300 வாட்டுக்கு மேல் வருது. இது பல்பா, அடுப்பா?"

வகுப்பு சிரித்தது. மீட்டரில் பேட்டரி இறங்கியிருக்கும் என்று சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. பையன் போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லையே!

மறுநாள் காலையில் ஆளில்லாத பட்டறையில் அதே பல்பை எரியவிட்டு, ஓடுகிற வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்தேன். வகுத்தேன். 530 ஓம்! மீட்டரும் பொய் சொல்லவில்லை, பல்பும் பொய் சொல்லவில்லை. பல்புக்குள் இருப்பது டங்ஸ்டன் இழை. குளிர்ந்திருக்கும்போது அதன் தடை 40. எரியும்போது இரண்டாயிரம் டிகிரியைத் தாண்டிச் சூடேறும், தடையும் ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு ஆகிவிடும். குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்சைப் போடுகிற நொடியில்தான் 'டப்' என்று போகும், கவனித்திருப்பீர்கள். அந்த முதல் நொடியில் இழை குளிர்ந்திருக்கிறது, கரண்ட் வெள்ளமாகப் பாய்கிறது. பையனைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அன்றிலிருந்து என் பல்லவி இதுதான்: ஓடுகிற பொருளின் தடையை, அது ஓடும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து கண்டுபிடி.

வோல்ட், ஆம்பியர், தடை மூன்றையும் இணைக்கிற விதியைக் கண்டுபிடித்த ஜார்ஜ் சைமன் ஓமும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான், ஜெர்மனியின் கொலோன் நகரத்தில். முதலில் அவர் பயன்படுத்திய மின்கலம் கரண்ட் இழுக்க இழுக்கத் தளர்ந்துபோனது, கணக்கும் தப்பாகவே வந்தது. பிறகு இரண்டு வேறு உலோகங்களை இணைத்து, ஒரு இணைப்பு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, ஆடாத வோல்ட்டை உண்டாக்கினார். அப்புறம்தான் விதி பிடிபட்டது. 1827இல் புத்தகமாக வந்தது.

நம் ஊர் லோ வோல்டேஜுக்கு வருகிறேன். வாளியில் போடுகிற 1000 வாட் ஹீட்டர் ராடு. அதில் இருக்கும் நிக்ரோம் கம்பி பல்பு இழை மாதிரி இல்லை, சூட்டில் தடை அதிகம் மாறாது. அதனால் எப்போதும் 53 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். வோல்ட் 180ஆக இறங்கினால் எத்தனை வாட்? 780 என்பார்கள். இல்லை. 180ஐ 53ஆல் வகுத்தால் 3.4 ஆம்பியர். அதை 180ஆல் பெருக்கினால் 612 வாட்தான். வோல்ட் இறங்கும்போது ஆம்பியரும் கூடவே இறங்குகிறதே, அடி இரண்டு பக்கமும் விழுகிறது. இருபது நிமிடத்தில் சுடுகிற தண்ணீருக்கு அரை மணிக்கு மேல் ஆகும்.

ஒயரைத் தொடாமலே இதைச் சரிபார்க்கலாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ராடை மட்டும் ஓடவிடுங்கள், தண்ணீரில் கை வைக்காதீர்கள். மின்சார மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னுவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். யூனிட்டுக்கு 3200 என்று மீட்டரில் போட்டிருந்தால், முழு 1000 வாட்டுக்கு 53 முறை மின்னும். 33 முறைதான் மின்னினால் வோல்ட் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். தளர்ந்த பிளக் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிளக் சரியாகப் பொருந்தாமல் அரை ஓம் தடை வந்தாலே போதும். 2000 வாட் கீஸருக்கு எட்டரை ஆம்பியருக்கு மேல் ஓடும். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, தடையாலும் பெருக்குங்கள். ஏறக்குறைய 38 வாட். ரேடியோக் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் பல நேரம் 25 வாட்தான்! பிளக் கருகிப்போவது இதனால்தான்.

மின்விசிறி, மோட்டாருக்கு இப்படி வோல்ட்டையும் ஆம்பியரையும் சும்மா பெருக்கினால் வாட் சரியாக வராது. அதில் பவர் ஃபேக்டர் என்று ஒன்று குறுக்கே வரும், அதற்கு இன்னொரு நாள்தான் வேண்டும். வணக்கம்.