முப்பது வருஷம் காத்திருக்கிற பணம்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, அக்காமார்களே, பந்தலுக்கு வெளியே வண்டியில் சாய்ந்துகொண்டு கேட்கிற தம்பிகளே, வணக்கம். 'புதுவகை அணுமின் உலைகளுக்கு அரசு பணம் போடுவது அவசியமா, வீணா?' என்பது தலைப்பு. அவசியம் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா, "காரைக்குடி வெயிலை வைத்துக்கொண்டு எதுக்குய்யா அணு? மாடியில் சோலார் போடு" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். எங்கள் வீட்டு மாடியிலும் சோலார் இருக்கிறது அக்கா. மத்தியானம் போனில் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். சாயங்காலம் ஆறரைக்கு அதே போனில் பூஜ்யம். அந்த நேரத்தில்தான் வீட்டில் லைட், மிக்ஸி, ஏசி எல்லாம் ஓட ஆரம்பிக்கிறது, முகப்பில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிற எங்கள் அப்பத்தாவுக்கு விடிய விடிய ஃபேன் சுற்ற வேண்டும், சித்திரை மாதத்து ராத்திரி இங்கே எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காற்றாலை ஆனி, ஆடியில் நன்றாகச் சுற்றும், மற்ற மாதம் அதன் இஷ்டம். அப்போ ராத்திரிக்கு நிலக்கரிதான். சோலாரும் பேட்டரியும் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ராவும் பகலும் ஒரே சீராக ஓடுகிற ஒன்றும் கூடவே வேண்டும் என்கிறேன்.

சரி, ஏன் புதுவகை உலை? இயற்கையில் கிடைக்கிற யுரேனியத்தில் சுலபமாகப் பிளக்கிற வகை வெறும் 0.7 சதவீதம், மிச்சமெல்லாம் பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. கல்பாக்கத்தில் இருக்கிற 500 மெகாவாட் அதிவேக ஈனுலை அந்த மிச்சத்துக்காக வந்தது. கொடுக்கல் வாங்கலில் ஊறிய நம் ஊருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். புளூட்டோனியம் என்கிற அணு எரிபொருள்தான் முதல். அது எரிந்து கரண்ட் கொடுக்கும்போதே, சுற்றி வைத்த யுரேனியம் புளூட்டோனியமாக மாறி, போட்ட முதலுக்கு மேலேயே கைக்கு வரும். அதைக் கொண்டு பிற்பாடு நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கிடக்கிற தோரியத்தையும் எரிபொருளாக்கலாம். தோரியத்தை மாற்றி உண்டாக்கிய யுரேனியம்-233-ல் ஓடுகிற காமினி என்ற சின்ன ஆய்வு உலை 1996-லிருந்தே கல்பாக்கத்தில் இருக்கிறது.

எதிரணி அண்ணன் தேதி வாரியாகக் கேட்டார். 2004-ல் வேலை ஆரம்பித்து 2010-ல் முடியும் என்றார்கள், எரிபொருள் ஏற்றத் தொடங்கியதே 2024 மார்ச்சில், சுமார் 3,500 கோடி என்ற செலவும் இரண்டு மடங்காகிவிட்டது என்றார். உண்மைதான், மறைக்க மாட்டேன். ஆனால் அந்த உலையில் சூட்டைக் கடத்துவது தண்ணீர் இல்லை, உருக்கிய சோடியம். காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஒரு பற்றவைப்பில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் போச்சு. ஜப்பானின் மோன்ஜு உலையில் 1995-ல் சோடியம் கசிந்தது, கடைசியில் அதை மூடவே முடிவு செய்தார்கள். அவ்வளவு கஷ்டமான வேலைக்கு அவசரம் ஆகாது.

யார் இதற்குக் காத்திருப்பார்கள்? நம் செட்டியார்கள் பர்மாவுக்கு ஏஜென்டை அனுப்பினாலும் மூன்று வருஷத்தில் கணக்கு முடித்து ஊருக்குத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் தொழில் அப்படி, அதில் தப்பே இல்லை. முப்பது வருஷம் கழித்து வரும், ஒருவேளை வராமலும் போகும் என்கிற வேலைக்கு எந்தத் தனியார் கம்பெனி பணம் போடும்?

இன்னொன்று. ஈனுலைக்கு முன்னோடியாக ஒரு சின்னச் சோதனை உலையைக் கல்பாக்கத்தில் பிரான்ஸ் உதவியோடு கட்டினார்கள். 1974-ல் நாம் போக்ரானில் அணுகுண்டு வெடித்ததும், அதற்கு வேண்டிய செறிவூட்டிய யுரேனியம், அதாவது சுலபமாகப் பிளக்கிற வகையைக் கூட்டிய யுரேனியம், அங்கிருந்து கிடையாது என்றாகிவிட்டது. நம் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை, புளூட்டோனியம், யுரேனியம் இரண்டின் கார்பைடை, அதாவது கரியோடு சேர்ந்த கூட்டுப்பொருளை, கலந்து ஒரு எரிபொருளைத் தாங்களே செய்து, 1985 அக்டோபரில் உலையை இயக்கிக் காட்டினார்கள். அரசு நடுவில் கையை விரித்திருந்தால் அது நடந்திருக்குமா?

வெளியூர் உதாரணம் எதற்கு, இங்கே காரைக்குடியிலேயே இருக்கிறதே சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார், 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். அவர் கொடுத்தது விதை. எழுபது வருஷத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றியது அரசுப் பணம். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த வாசலைப் பார்த்து விஞ்ஞானம் படிக்கப் போனார்கள்!

ஆபத்து பற்றிய பயம் நியாயமானது, அதைக் கேலி செய்கிறவர்கள் எங்கள் அணியில் இல்லை. 2004 சுனாமியில் கல்பாக்கத்தில் கடல்நீர் உள்ளே வந்தது, ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நின்றது, ஈனுலைக்குத் தோண்டிய பள்ளம் நிரம்பியது, வடித்துவிட்டு மறுபடி கட்டினார்கள். 2025 பட்ஜெட்டில் சிறிய உலை ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ஒதுக்கி, 2033-க்குள் 5 உலை என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பணம் முழுசாகப் போகட்டும், தாமதம் ஏன் என்று வருஷா வருஷம் சுற்றுவட்டாரக் கிராமத்துச் சனங்களுக்குத் தமிழில் கணக்கும் சொல்லட்டும் நடுவர் ஐயா. இதையும் சேர்த்து எழுதி, எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள்.