பாகியோவின் இஞ்சினியர் மேயர்

நேயர்களுக்கு வணக்கம். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது பாகியோ. மணிலாவின் வெக்கை தாங்காத அமெரிக்க ஆட்சியாளர்கள் கோடைக்கென்று உண்டாக்கிய மலை நகரம். அதற்கு முன்னால் அது இபலோய் மக்களின் மேய்ச்சல் நிலம். மாத்தியோ கரின்யோ என்ற இபலோய்க்காரர் தன் நிலத்துக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோனார். 1909-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. கேட்க அவர் உயிரோடு இல்லை.

அந்த ஊருக்கு 1920-இல் மேயரானவர் யூசிபியஸ் ஹால்செமா. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக்காரர். பொதுப்பணித் துறைப் பொறியாளராகப் பிலிப்பைன்ஸுக்கு வந்தவர். மேயர் என்றதும் ஓட்டு வாங்கி ஜெயித்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அது மேலிடத்து நியமனம். ஆனால் 17 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார்.

நாற்காலி மேயருடையது, மனுஷன் என்னவோ கடைசிவரை இஞ்சினியர்தான். மலை ஆற்றை நம்பி அசின் பக்கம் நீர்மின் நிலையம், லோக்கானில் விமானத் தளம் என்று அவர் காலத்தில் ஊருக்கு வந்தவை பல. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சாலை. பாகியோவில் கிளம்பி, மலை விளிம்பைப் பிடித்துக்கொண்டே வடக்கே பொந்தோக் வரை போகும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். ஆத்தோக் பக்கத்தில் 7,000 அடியையும் தாண்டி ஏறுகிறது. இன்றைக்கும் முட்டைக்கோஸும் கேரட்டும் ஏற்றிய லாரிகள் மேகத்துக்குள் புகுந்துதான் கீழே இறங்குகின்றன. அதற்கு ஹால்செமா நெடுஞ்சாலை என்று பேர். பாறையை உடைத்த, அந்த மலைப் பழங்குடிகளான இகோரோட் தொழிலாளிகளின் பேரை யாரும் எழுதிவைக்கவில்லை. எனக்கு இது ஒரு உறுத்தல்தான்.

1937-இல் பதவி செர்ஹியோ பயான் கைக்குப் போனது. பாகியோவின் முதல் பிலிப்பினோ மேயர் அவர். சரி, வேலை முடிந்தது, ஹால்செமா சொந்த ஊர் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. போர் வந்தது, ஜப்பானியர் வந்தார்கள்.

1945 மார்ச் 15. ஜப்பானியரை விரட்ட அமெரிக்க விமானங்கள் பாகியோமீது குண்டு பொழிந்தன. தன் நாட்டுக் குண்டுவீச்சில், தான் கட்டிய ஊரிலேயே ஹால்செமா இறந்தார். வயது 62. ஆறு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 3-ஆம் தேதி ஜப்பானியத் தளபதி யமாஷிதா சரணடைந்து கையெழுத்துப் போட்டார். இடம், அதே பாகியோ.

நன்றி, வணக்கம்.