முதலில் கழி, அப்புறம் கட்டு

வணக்கம் நேயர்களே. வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், வீட்டைக் காலி செய்து பார் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நான் 11 வாடகை வீடு மாறியவன், 12ஆவது வீடுதான் சொந்த வீடு. இதனாலேயே சொந்தத்தில், நட்பில் யார் வீடு மாறினாலும் டேப்பும் கையுமாக வந்து நில் என்று எனக்குத்தான் போன் வரும். அப்படிப் போய் நிற்கும்போதெல்லாம், முதல்முறையாகச் சொந்த வீடு வாங்குகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மூட்டை கட்ட எப்போது ஆரம்பிக்கலாம்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டு நீங்கள் எழுந்து போகலாம் பாருங்கள். வீடு பார்க்க ஆரம்பித்த அன்றே கழிக்க ஆரம்பியுங்கள். சாவி வரும் தேதி உறுதியான பிறகு கட்ட ஆரம்பியுங்கள். கழித்துக்கட்டு என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம் அல்லவா, வீடு மாறும் விஷயத்தில் அது இரண்டு வேலை. முதலில் கழி. ரொம்ப நாள் கழித்துக் கட்டு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சொந்த வீட்டுக்கு விலை பேசி முடித்த வாரமே எனக்குக் கை பரபரத்தது. ஆறு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். அட்டைப்பெட்டி சேர்த்தேன், டேப் வாங்கினேன், இரண்டே வார இறுதியில் 41 பெட்டி கட்டி சுவரோரம் அடுக்கிவிட்டேன். பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆறு வாரம் பத்து வாரமானது. வீட்டை விற்பவருக்கு அவர் போகவேண்டிய வீடு தயாராகவில்லை. வழக்கறிஞருக்குப் பழைய பத்திரம் ஒன்றின் நகல் வரவில்லை. நாங்கள் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சந்து விட்டு, அதில் ஒருக்களித்து நடந்து குடும்பம் நடத்தினோம். கத்திரிக்கோலையும் பெட்டிக்குள் போட்டுவிட்டதால் பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்த நாட்கள் உண்டு.

அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் மதியம் வங்கியிலிருந்து போன். பல வருடத்துக்கு முன்னால் நான் ஒரு வண்டிக் கடன் வாங்கி அடைத்திருந்தேன். அந்தக் கடன் என் பெயரில் இன்னும் முடியாததாகக் காட்டுகிறதாம், அடைத்ததற்கான கடிதத்தை நாளை மறுநாளுக்குள் கொடுக்கவேண்டுமாம். கடிதம் என்னிடம் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை, நான் காகிதம் தொலைக்கிற ஆள் கிடையாது. ஆனால் எந்தப் பெட்டியில்? அன்றைக்குத்தான் என் பெட்டிகளின் தலையெழுத்தை முதல்முறையாகப் படித்துப் பார்த்தேன். அவசரத்தில் ஒன்பது பெட்டியின் மேல் 'இதர' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதையும் மூடியின் மேல் எழுதியிருக்கிறேன், பெட்டிகளோ ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன, ஒவ்வொன்றையும் இறக்கினால்தான் எழுத்தே தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு நானும் மனைவியும் உட்கார்ந்து ஒவ்வொரு இதரவாகப் பிரித்தோம். ஐந்தாவது பெட்டியோடு அவருக்குப் பொறுமை போய்விட்டது. "ஏங்க, நம்ம வாழ்க்கையில இதர இல்லாம வேற ஏதாவது இருக்கா?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கடைசியில் அந்தக் கோப்பு இதரவிலேயே இல்லை. சமையலறைப் பெட்டியில், பெரிய பாத்திரம் ஒன்றுக்குள், துண்டில் சுருட்டி இருந்தது. பாத்திரத்துக்குள் இடம் வீணாகப் போகக் கூடாதே என்று நானேதான் வைத்திருக்கிறேன். அவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

அதனால் சொல்கிறேன். வீடு வாங்குவதற்குத் தேவையான காகிதம் எதுவும் வீடு கைக்கு வரும்வரை பெட்டிக்குள் போகக் கூடாது. சம்பளச் சீட்டு, பல மாத வங்கிக் கணக்கு விவரம், வரி கட்டிய தாள், அடையாளச் சான்றுகள், இப்போதைய வாடகை ஒப்பந்தம், பழைய கடன் முடிந்த கடிதம், எல்லாம் ஒரே பையில், தோளில் மாட்டுகிற மாதிரி இருக்கவேண்டும். பொருள்கள் லாரியில் போகும் நாளிலும் அந்தப் பை உங்கள் தோளில்தான். ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தேதி ஏன் இப்படி வழுக்குகிறது? வாடகை வீடு மாறும்போது நீங்களும் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டால் போதும். வாங்கும்போது அப்படியில்லை. கடன் கொடுப்பவர் வீட்டை மதிப்பிட ஆள் அனுப்பவேண்டும், சொத்தில் வில்லங்கம் இல்லை என்று ஒருவர் பார்க்கவேண்டும், விற்பவர் தன் மூட்டையைக் கட்டவேண்டும். இத்தனை பேரில் ஒருவர் தும்மினாலும் உங்கள் தேதி தள்ளிப்போகும். யாராவது உங்களிடம் ஆறு வாரம் என்றால் தலையாட்டிக்கொள்ளுங்கள், மனதுக்குள் பத்து என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. ஆசையில் முந்திக்கொண்டு பழைய வீட்டைக் காலி செய்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். விலை பேசிவிட்டோம் என்பது ஒன்றுமே இல்லை. கடன் உறுதியாகி, இரண்டு தரப்பும் பின்வாங்க முடியாதபடி கையெழுத்தான பிறகு சொல்லலாம். உங்கள் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று இன்றே எடுத்துப் படியுங்கள், பெரும்பாலோர் அதைக் கையெழுத்துப் போட்ட அன்றைக்குப் பார்த்ததோடு சரி. முடிந்தால் இரண்டு வீடும் ஒரு வாரம், இரண்டு வாரம் சேர்ந்து கையில் இருக்கட்டும். அந்த வாடகை தண்டம் என்று தோன்றும். வெறும் வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிறவருக்கும், கட்டிலை நடு அறைக்கு நகர்த்தி மேலே துணி போர்த்திய வீட்டில் அடிக்கிறவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தவர்கள் அதைத் தண்டம் என்று சொல்லமாட்டார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை, நான் கணக்குப் புலி இல்லை, இருந்தாலும். கடன் ஒப்புதல் வந்துவிட்டது என்றதும் புது வீட்டுக்குப் புது சோபா என்று தவணையில் எடுக்கப் போய்விடுகிறார்கள். பொறுங்கள். பணம் கைமாறும்வரை கடன் கொடுப்பவர் உங்கள் கணக்கை இன்னொருமுறை பார்க்கலாம். அந்த நேரத்தில் புதுக் கடன், வேலை மாற்றம், எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பெரிய தொகை, மூன்றுமே சிக்கல். அதோடு முன்பணத்துக்குச் சேர்த்ததை முன்பணத்திலேயே துடைத்துக் கொடுத்துவிடக் கூடாது. பதிவுச் செலவு, வழக்கறிஞர், மதிப்பீடு, லாரி, போன மறுநாளே ஒழுக ஆரம்பிக்கிற குழாய், இவையெல்லாம் வரிசையில் நிற்கின்றன. முன்பு குழாய் ஒழுகினால் வீட்டுக்காரருக்குப் போன் போடுவீர்கள். இனி அந்தப் போனை எடுக்கவேண்டியவர் நீங்கள்தான்.

இப்போது கழிப்பதற்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி. பரணில் ஆரம்பியுங்கள். வீடு அமையவே இல்லை என்றாலும் கழித்த பரண் லாபம்தான், அதனால்தான் இந்த வேலையை எத்தனை சீக்கிரம் தொடங்கினாலும் நஷ்டமில்லை என்கிறேன். போன வீட்டிலிருந்து வந்து இந்த வீட்டில் பிரிக்கவே பிரிக்காத பெட்டி ஒன்று எல்லார் பரணிலும் இருக்கிறது. என்னிடம் மூன்று வீடு பார்த்த பெட்டி ஒன்று இருந்தது. திறந்தால், எந்த டிவிக்கு என்றே தெரியாத நான்கு ரிமோட், ஓடாத கடிகாரம், அப்புறம் அந்தக் கடிகாரத்துக்கு வாங்கிய பேட்டரி, அதுவும் பொங்கிப்போய். அதற்கு மூன்றுமுறை லாரி வாடகை கொடுத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு அலமாரி என்று வையுங்கள், தாராளமாகப் போதும். பெரியவர்களின் பொருளை மட்டும் அவர்கள் உட்கார்ந்து பார்க்கிறபோது கழியுங்கள். என் அம்மாவின் பழைய தையல்பெட்டியை நான் குப்பை என்று நினைத்து ஒதுக்கிவைத்து, அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கழிக்கும்போதே அளந்துவிடுங்கள். பீரோ, கட்டில், பிரிட்ஜ், சோபா, ஒவ்வொன்றின் நீளம் அகலம் உயரம் ஒரு தாளில். புது வீட்டைப் பார்க்கப் போகும்போது டேப்பைக் கொண்டுபோய் அறையை மட்டும் அளக்காதீர்கள், எல்லாரும் அறையைத்தான் அளக்கிறார்கள். வாசல் நிலையை, மாடிப்படி திரும்புகிற இடத்தை, லிஃப்ட்டின் உள்பக்கத்தை அளந்து பாருங்கள். அறைக்குள் ஜம்மென்று உட்காரக்கூடிய பீரோ படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல், இரண்டு பேர் அடியில் நின்று தாங்கிக்கொண்டிருக்க, மூன்றாமவர் ஆளுக்கொரு யோசனை சொல்கிற கூட்டத்தைச் சமாளித்த காட்சியை நான் பார்த்திருக்கிறேன். யோசனை சொன்னவர்களில் நானும் ஒருவன்.

தேதி உறுதியாகிவிட்டதா? இப்போது கட்டலாம். மூன்று நான்கு வாரம் இருந்தால் நிதானமாக முடியும். இந்தப் பருவத்துக்கு வேண்டாத துணி, புத்தகம், சுவரில் மாட்டிய படம், விருந்தாளிக்கு மட்டும் எடுக்கிற பாத்திரம் முதலில். தினம் கை படுவது கடைசியில். புத்தகத்தைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள். எவ்வளவு சொன்னாலும் போடுகிறார்கள், அடி பிய்ந்து நடுத்தெருவில் கொட்டுகிறது. சின்னப் பெட்டி, 15 கிலோவுக்கு மேல் வேண்டாம். தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்து அடுக்குங்கள், குலுங்கும்போது அடித்தட்டின் மேல் மொத்தக் கனமும் இறங்காது. சுற்றுவதற்குத் துண்டும் போர்வையும் இருக்கும்போது காசு கொடுத்து எதற்கு வாங்கவேண்டும்? கட்டிலைக் கழற்றினால் திருகாணிகளை ஒரு சின்னப் பையில் போட்டு அந்தக் கட்டில் சட்டத்திலேயே ஒட்டிவிடுங்கள். டிவிக்குப் பின்னால் இருக்கிற வயர்க் கூட்டத்தைப் பிடுங்குவதற்கு முன் ஒரு படம்.

பெட்டியின் மேல் எழுதாதீர்கள், பக்கவாட்டில் எழுதுங்கள். என் ஒன்பது இதரவை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த அறையிலிருந்து எடுத்தோம் என்பது வேண்டாம், புது வீட்டில் எந்த அறைக்குப் போகவேண்டும் என்பதை எழுதுங்கள், சுமப்பவர் உங்களைக் கேட்காமலேயே கொண்டுபோய் வைப்பார். இதர என்ற சொல்லையே மறந்துவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி மூன்று விரல் காட்டுகிறார். சொல்லவேண்டியது இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது, வேகமாகப் போகிறேன். பிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, பனி உருக விட்டு, துடைத்து, நிமிர்த்தியே கொண்டுபோங்கள். படுக்கவைத்துக் கொண்டுபோயிருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடுங்கள், கம்ப்ரசரின் எண்ணெய் கீழே இறங்கவேண்டும். முன்பக்கம் திறக்கிற துணி துவைக்கும் இயந்திரம் வாங்கும்போது உள்ளே உருளையைப் பிடித்துக்கொள்ள நீளமான போல்ட்டுகள் கொடுத்திருப்பார்கள், அவற்றைத் தேடி எடுத்து மாட்டிவிட்டுத்தான் தூக்கவேண்டும். எரிவாயு, பெயிண்ட், ஸ்பிரே டப்பா எதையும் லாரிக்குள் ஏற்றாதீர்கள். பணம் முழுதும் கொடுப்பதற்குமுன் புது வீட்டை இன்னொருமுறை போய்ப் பாருங்கள், எல்லாக் குழாயையும் திறந்து, எல்லா சுவிட்சையும் போட்டு. இரண்டு வீட்டு மீட்டரையும் படம் எடுங்கள். சாவி கைக்கு வந்ததும் பூட்டை மாற்றிவிடுங்கள், பழைய சாவி யார் யாரிடம் இருக்கிறதோ. முகவரி மாற்றம்... அதற்கு நேரமில்லை.

ஒரு விரல் காட்டுகிறார். முதல் ராத்திரிக்கு ஒரு பெட்டி, லாரியில் கடைசியாக ஏறி முதலில் இறங்கவேண்டியது. மருந்து, சார்ஜர், சோப்பு, துண்டு, மாற்றுத்துணி, தண்ணீர், ஒரு பல்பு, ஸ்குரூ டிரைவர். கத்திரிக்கோலையும் இதற்குள்தான் போடச் சொல்ல இருந்தேன், வேண்டாம், பெட்டியைப் பிரிக்கவே அதுதானே வேண்டும். சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.