பழைய பிக்கப்பும் வீல் பேரிங் செலவும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய பிக்கப் ஒன்றைச் சொந்தமாக வைத்து வாடகைக்கு ஓட்டுபவர்கள் பட்டறைக்கு வந்ததும் கேட்பது, "பேரிங் என்ன விலைண்ணே?" என்றுதான். சக்கரம் உராயாமல் சுற்ற உதவும் உருளை வளையம்தான் வீல் பேரிங். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: சக்கரத்தில் சத்தம் கேட்க ஆரம்பித்து எத்தனை நாளாச்சு? உங்கள் பில் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பொலிரோ பிக்கப், டாடா 207 மாதிரி வண்டிகளை எடுத்துக்கொள்வோம். இந்த வகைப் பழைய வண்டிகளின் முன் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், பெரும்பாலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும். 1898இல் ஹென்றி டிம்கன் என்ற அமெரிக்கக் குதிரை வண்டித் தொழில்காரர் காப்புரிமை பெற்றது இந்த வகைதான். உருளைகள் சரிவாக இருப்பதால், மேலிருந்து அழுத்தும் பாரத்தையும், வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் பாரத்தையும் சேர்த்தே தாங்கும்.

ஒரு பக்கத்து முன் சக்கரத்துக்கு இரண்டு பேரிங், கிரீஸ் வெளியே போகாமலும் தண்ணீர் உள்ளே வராமலும் தடுக்கும் ஆயில் சீல், கிரீஸ், நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின், லேபர் எல்லாம் சேர்த்தாலும், நல்ல கம்பெனிச் சாமான் போட்டால்கூட சில ஆயிரத்துக்குள் முடிகிற வேலை இது. அரை நாளில் வண்டி வெளியே போய்விடும்.

தள்ளிப்போட்டால் கதை வேறு. பேரிங் சூடேறி இறுகி, உள்வளையம், ஹப்பைத் தாங்கும் சுற்றாத அச்சான ஸ்டப் ஆக்சில் மேலேயே சுற்றத் தொடங்கும். ஆக்சில் தேயும். அப்புறம் ஸ்டப் ஆக்சில் போகும், ஹப் போகும். நடுவழியில் நின்றால் கட்டி இழுத்து வரும் செலவு வேறு. பின்னால் தக்காளி லோடு இருந்தால் அந்த நஷ்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கரமே கழன்று ஓடுவதும் உண்டு. எதிரே வருபவர் உயிரும் இதில் இருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வேகம் கூடக் கூட 'ஊ' என்ற இரைச்சலும் கூடும். வலது பக்கம் திருப்பும்போது பாரம் இடது சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் அதிகமானால் இடது பேரிங்கைச் சந்தேகப்படலாம். பிறகு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால், சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட் பக்கம் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனை தெரியாமல் பேரிங்கை மாற்றி, ஆட்டம் போகவில்லை என்று மறுபடி காசு கொடுத்தவர்கள் நிறைய.

பின் சக்கரத்துக்கு லேபர் கூடும். சில வண்டிகளில் பேரிங்கும் அதைப் பிடித்து நிறுத்தும் காலர் வளையமும் ஆக்சில் ஷாஃப்டில் இறுக்கமாக ஏறியிருக்கும். அழுத்தி ஏற்றி இறக்கும் பிரஸ் மெஷின் இல்லாமல் மாற்றக் கூடாது. சுத்தியலால் அடித்து ஏற்றுகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். சீலும் போயிருந்தால் டிஃபரன்ஷியல் ஆயில் கசிந்து பிரேக் லைனரை நனைத்திருக்கும். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று டூப்ளிகேட் பேரிங் வாங்காதீர்கள். பெட்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம், பில் தரும் கடையில் வாங்குங்கள். உருளைகளோடு உள்ளே இருக்கும் கோனை மட்டும் மாற்றி, ஹப்பில் பழைய கப்பை, அதாவது வெளிவளையத்தை, விட்டுவைப்பதும் தப்பு. பழைய கப்பின் தேய்மானம் புதுக் கோனைத் தின்றுவிடும். சீலையும் ஸ்பிளிட் பின்னையும் புதிதாகவே போட வேண்டும்.

பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் ஹப் நட்டை 'நல்லா டைட்டா' வைக்கச் சொல்லும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். முன் ஹப் பேரிங்குக்கு அது ஆகாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரல் பலத்தில் நிறுத்துவது வழக்கம். பொதுவாக 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை ஆட்டம் விடுவார்கள். உங்கள் வண்டிக்கான அளவு அதன் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

சென்னையில் 2015 வெள்ளம் போல ஹப் மூழ்கும் தண்ணீரில் வண்டி போனால், சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஓடிச் சூடான ஹப் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது சீல் வழியாக நீரை உள்ளே இழுத்துவிடும். கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வைக்கும் செலவு, புதுப் பேரிங்கில் ஒரு பங்குதான்.

கடைசியாக, கழற்றிய பேரிங்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். துரு இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீலைக் கவனிக்கச் சொல்லுங்கள். சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் கிரீஸ் வற்றியிருக்கும், இல்லையேல் நட்டை அதிகம் இறுக்கியிருப்பார்கள். கப்பில் உருளைகளின் இடைவெளிக்குச் சரியாகப் பள்ளம் விழுந்திருந்தால் குழியில் பலமாக இறங்கியிருக்கலாம், ஓவர்லோடும் சேர்ந்திருக்கலாம். அப்படியானால் மற்ற மூன்று சக்கரங்களையும் அன்றே ஜாக்கியில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.