கையெழுத்துப் போடாத மேயர்

நேயர்களுக்கு வணக்கம். க்ரோவர் கிளீவ்லேண்ட் என்றால் அமெரிக்க ஜனாதிபதி என்பார்கள். வக்கீல் தொழிலில் டெண்டர் வழக்குகளோடு மல்லுக்கட்டிய எனக்கோ அவர் எப்போதும் பஃபலோ நகர மேயர்தான்.

பஃபலோ, நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில், அந்தக் காலத்தில் தானியக் கப்பல்கள் வந்து நின்ற ஊர். அப்பாவை இழந்த கிளீவ்லேண்ட், 1855-ல், 18 வயதில், அங்கே அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அத்தையின் கணவர் உயர்சாதி மாடுகளின் வம்சாவளியைத் தொகுத்துக்கொண்டிருந்தார். முதல் வேலை அதற்கு உதவுவது! அப்புறம் அவரே ஒரு வக்கீல் அலுவலகத்தில் சேர்த்துவிட்டார். முதல் நாள், கையில் தடியாய் ஒரு சட்டப் புத்தகத்தைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்தார்களாம். மதியம் எல்லாரும் பையனை மறந்து, கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்கள். ‘ஒரு நாள் என்னை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்’ என்று நினைத்தாராம். 1859-ல் வக்கீலானார்.

சரி, மேயர் கதைக்கு வருகிறேன். 1882 ஜனவரியில் பதவியேற்றார். தெரு கூட்டும் வேலை, ஐந்து வருஷ ஒப்பந்தம். நம் தெருவிலும் விடிகாலையில் துடைப்பச் சத்தம் கேட்கிறதே, அதே வேலைதான். நகர மன்றம் ஒரு கான்ட்ராக்டருக்கு 4,22,500 டாலருக்குக் கொடுத்தது. அதே வேலையை இன்னொருவர் ஒரு லட்சம் டாலருக்கு மேல் குறைத்துக் கேட்டிருந்தார். இதைவிட வேடிக்கை கேளுங்கள்: சில வாரங்களுக்கு முன் இதே கான்ட்ராக்டர் இதே வேலைக்குச் சொன்ன விலை 50,000 டாலர் குறைவு! துடைப்பமும் அதே, தெருவும் அதே. விலை மட்டும் ஏன் ஏறியது?

மேயர் கையெழுத்துப் போடவில்லை. மக்கள் நலனைக் காட்டிக்கொடுக்கிற வெட்கங்கெட்ட சதி இது என்று மன்றத்துக்கே எழுதி, ஒப்பந்தத்தைத் திருப்பியனுப்பினார். ஆள் பெயர்களை அடுக்கித் திட்டவில்லை. மூன்று விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். வக்கீல் புத்தி! மன்றம் பின்வாங்கி, குறைந்த விலை கேட்டவருக்கே வேலையைக் கொடுத்தது. மன்றத்தின் முடிவை மேயர் தடுத்து நிறுத்துகிற அதிகாரத்துக்கு ‘வீட்டோ’ என்று பேர்; ‘வீட்டோ மேயர்’ என்றே அவருக்குப் பெயர் வந்துவிட்டது.

நேரமாகிவிட்டது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பாதாளச் சாக்கடைத் திட்டத்தில் மன்றத்தோடு அவர் போட்ட சண்டையை விரிவாகச் சொல்லத்தான் வந்தேன். துடைப்பமே நேரத்தைத் தின்றுவிட்டது. அதே வருஷம் நவம்பரில் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் ஜெயித்தார். 1885-ல் ஜனாதிபதி. மேயர் நாற்காலியில் முழுதாக ஒரு வருஷம்கூட உட்காரவில்லை. வணக்கம்.