142 பேரின் கடன்

நேயர்களுக்கு வணக்கம். வீடில்லாதவர்களுக்காக இசைக் கலைஞர்கள் நிதி திரட்டுவதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி ஒன்றுதான். கச்சேரியில் சேர்ந்த பணம் எதற்குப் போகிறது? ஒரு வேளைச் சாப்பாட்டுக்கா, ஒரு வீட்டுச் சாவிக்கா?

1742ஆம் ஆண்டு ஏப்ரல் 13. அயர்லாந்தின் டப்ளின் நகரில், ஃபிஷாம்பிள் தெருவில் ஓர் இசை அரங்கம். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வாழ்ந்த இசையமைப்பாளர் ஹேண்டல், 'மெசையா' என்ற தம் புதிய படைப்பை அன்று அங்கே அரங்கேற்றினார். இயேசுவைப் பற்றி, பாடகர்களும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வழங்கும் நீண்ட இசைப் படைப்பு அது. கூட்டம் அலைமோதும் என்று முன்பே தெரிந்துவிட்டது. அதனால் பெண்கள் வளையம் வைத்த அகலப் பாவாடை இல்லாமலும், ஆண்கள் இடுப்பில் வாள் இல்லாமலும் வரும்படி கேட்டுக்கொண்டார்கள். அப்படி இடம் மிச்சம் பிடித்ததில் சுமார் 700 பேர் நெருக்கியடித்துக்கொண்டு கேட்டார்கள். வசூல் சுமார் 400 பவுண்டு. அதை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பங்கு இரண்டு மருத்துவமனைகளுக்கு. மூன்றாவது பங்கு, ஏறத்தாழ 127 பவுண்டு, கடன் பாக்கிக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கு. அந்தப் பணத்தில் 142 பேர் விடுதலையானார்கள் என்று பதிவாகியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பவுண்டுகூட வரவில்லை. கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதவரை அந்தக் காலத்தில் உள்ளே போட்டுவிடுவார்கள். உள்ளே இருப்பவர் சம்பாதிக்க முடியாது; சம்பாதிக்காமல் கடனை அடைக்க முடியாது. வெளியிலிருந்து யாராவது கட்டினால்தான் கதவு திறக்கும். கச்சேரி நடத்தியவர்கள் சிறைக்கு ரொட்டி வாங்கி அனுப்பியிருக்கலாம், அதுவும் தர்மம்தான். ஆனால் அவர்கள் கடனை அடைத்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

அதே 'மெசையா' இந்த நூற்றாண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில், ஸ்கிட் ரோ என்ற பகுதியில் ஒலித்திருக்கிறது. நகரின் நடுவில் ஐம்பது தெருக்கள் அளவுக்குப் பரந்த இடம் அது. நடைபாதை நெடுகக் கூடாரங்கள். உயரமான அலுவலகக் கட்டடங்களும் பெரிய இசை அரங்கமும் அங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான். வீடில்லாதோருக்கான விடுதிகளையும் உதவி நிலையங்களையும் இந்த ஓர் இடத்துக்குள்ளேயே அடக்கி வைப்பது என்று 1970களில் நகர நிர்வாகமே கொள்கை வகுத்தது. கண்ணில் படாமல் வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற எண்ணம் எந்த ஊரிலும் பலித்ததில்லை.

விஜய் குப்தா என்ற வயலின் கலைஞர் 2007இல், 19 வயதில், லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் சேர்ந்தவர். இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளை. ஜூலியார்ட் என்ற பெயர்பெற்ற நியூயார்க் இசைப் பள்ளியில் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் படித்து, மனநோயால் படிப்பு நின்று, பல ஆண்டுகள் தெருவில் வாழ்ந்த ஒருவருக்கு அவர் வயலின் பாடம் எடுத்தார். அந்தப் பழக்கம் அவரை ஸ்கிட் ரோவுக்கு இழுத்துப்போனது. 2011இல் 'ஸ்ட்ரீட் சிம்ஃபனி' என்ற அமைப்பைத் தொடங்கினார். பெரிய மேடைகளில் வாசிப்பவர்கள் காப்பகங்களிலும் சிறைகளிலும் மருத்துவ நிலையங்களிலும் போய் வாசித்தார்கள். ஒருநாள் வாசித்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பவில்லை. மறுபடி மறுபடி போனார்கள். 'மிட்நைட் மிஷன்' என்ற காப்பகத்தில் 'மெசையா'வை நடத்தியபோது, அப்பகுதி மக்களும் தொழில்முறைப் பாடகர்களோடு சேர்ந்து பாடினார்கள். படைப்பாற்றல் மிக்கவர்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் மெக்கார்தர் உதவித்தொகை குப்தாவுக்கு 2018இல் கிடைத்தது.

இதைச் சொல்லிவிட்டு, இசை மனத்துக்கு மருந்து என்று முடித்துக்கொள்வது எனக்குப் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவரிடம் பேச்சுக் கொடுத்தால், வீடு எப்படிப் போனது என்று அவரே சொல்வார். அங்கேதான் புரிதல் தொடங்குகிறது.

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாஸ் ஏஞ்சலஸ் இருக்கும் அதே கலிஃபோர்னியா மாநிலத்தில் வீடில்லாத சுமார் 3,200 பேரிடம் இதைத்தான் கேட்டார்கள். முடிவுகள் 2023இல் வெளிவந்தன. வெளியூரிலிருந்து வந்து குவிந்தவர்கள் என்ற பேச்சு பொய்யானது. பத்தில் ஒன்பது பேர் கலிஃபோர்னியாவிலேயே வீட்டை இழந்தவர்கள். குடும்பம் கூட இல்லாமல் தனியாக இருக்கும் வயது வந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் 50 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். வீட்டை இழப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களில், குடும்பத்தின் மாத வருமானம் நடுமதிப்பாக 960 டாலர்; அதாவது, பாதிப் பேருக்கு அதற்கும் கீழே. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சின்ன வீட்டு வாடகைக்கே அது காணாது.

போதைப்பழக்கம்தான் காரணம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அமெரிக்காவில் போதைமருந்தால் ஏற்படும் இறப்பு விகிதம் பல ஆண்டுகளாக மிக அதிகமாக இருந்த மாநிலம் மேற்கு வர்ஜீனியா. ஆனால் அங்கே தெருவில் கிடப்பவர்கள் கலிஃபோர்னியா அளவுக்கு இல்லவே இல்லை. அங்கே வாடகை குறைவு. போதையும் மனநோயும் ஒருவரை நிலைகுலைய வைக்கும், உண்மை. அப்படி நிலைகுலைந்தவருக்கு ஒரு கூரை மிஞ்சுமா, மிஞ்சாதா என்பதை வாடகைதான் தீர்மானிக்கிறது.

அந்த ஆய்வில் என்னை உலுக்கிய பதில் இன்னொன்று. மாதம் 300 முதல் 500 டாலர் வாடகை உதவி கிடைத்திருந்தால் நாங்கள் தெருவுக்கு வந்திருக்கமாட்டோம் என்று பத்தில் ஏழு பேர் சொன்னார்கள். டப்ளினில் ஒரு பவுண்டு. கலிஃபோர்னியாவில் சில நூறு டாலர். தொகை சின்னதாக இருக்கும்போது யாரும் கண்டுகொள்வதில்லை. தெருவுக்கு வந்தபிறகு எவ்வளவு செலவழித்தாலும் போதவில்லை.

நம் நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி கூரை இல்லாதவர்கள் 17.7 லட்சம் பேர். சென்னை நடைபாதைகளில் குடும்பத்தோடு படுப்பவர்களில் பலர் மூட்டை தூக்குகிறவர்கள், வண்டி இழுக்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். உழைப்பவர்கள். வாடகையை எப்படியாவது புரட்டினாலும், அட்வான்ஸ் என்று மொத்தமாகக் கேட்கும் பணத்துக்கு எங்கே போவார்கள்? பல மாத வாடகையைக் கையில் வைத்தால்தானே சாவி கிடைக்கும். உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதால் நகரங்களில் இரவுக் காப்பகங்கள் வந்திருக்கின்றன. அவை வேண்டும். ஆனால் காப்பகம் வீடு ஆகாது.

ஆகவே நிதிக் கச்சேரி நடத்த நினைக்கும் கலைஞர்களிடமும் சபாக்காரர்களிடமும் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். போர்வை கொடுங்கள், பொட்டலம் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வசூலில் ஒரு பங்கை அட்வான்ஸுக்கும் வாடகை பாக்கிக்கும் என்று தனியாக ஒதுக்குங்கள். அந்தக் கலிஃபோர்னியா ஆய்வின்படி, தங்கள் பெயரிலேயே வாடகைக்கு இருந்தவர்களுக்குக்கூட வீட்டை விடுவதற்கு முன் கிடைத்த அவகாசம் நடுமதிப்பாகப் பத்து நாள்தான். கச்சேரி மார்கழியில் நடக்கலாம். வாடகை பாக்கி ஆடியில் விழும். அந்தப் பத்து நாளுக்குள் பணத்தை எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் உள்ள ஆட்கள், அந்தத் தெருக்காரர்களுக்குப் பழகிய முகமாக, ஆண்டு முழுவதும் இருக்கவேண்டும். டிக்கெட் அச்சடிப்பதற்கு முன்பே அவர்களைத் தேடிப் பிடித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.